இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்னர் விவசாயிகள் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தேன். செலவுச் சீட்டுகளினிடையே பட்டறைச் சீட்டு ஒன்று காணப்பட்டது. சங்கத்தின் பழைய டிராக்டரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதில் முறிந்து நின்ற ஒரு போல்ட்டை அகற்றி, மரையைச் சீர்செய்ததற்கான கூலி அது. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது அதைத் தொடர்ந்து ஒரு தீர்மானமும் இருந்தது. ‘டிரைவரின் அஜாக்கிரதையால் நேர்ந்த இச்செலவை அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக் கொள்வது’ என்பது அதன் வாசகம்.

முறிந்த போல்ட்டின் விலை சில ரூபாய்களே. ஆயினும் உழவுப் பருவத்தில் டிராக்டர் பதினொரு நாட்கள் பட்டறையில் நின்றுவிட்டது. அங்கத்தினர்கள் வெளியாரிடம் கூடுதல் வாடகை கொடுத்து உழ வேண்டியதாயிற்று. டிரைவரை அழைத்து விசாரித்தேன். “புகைப் பாதையில் கேஸ்கட் போய்விட்டது, ஐயா. விடிவதற்குள் வண்டி வயலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. போல்ட் அசையவில்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி இரண்டு பேராக இழுத்தோம். தலை கையோடு வந்துவிட்டது” என்றார்.

குற்றம் யாருடையது என்று கூறுமுன், போல்ட் ஏன் இறுகுகிறது, அதை எவ்வாறு கழற்ற வேண்டும் என்பவற்றை அறிந்து கொள்வது நலம். டிராக்டர், லாரி, ஜீப் முதலிய பழைய வாகனங்களை வைத்திருக்கும் சங்கங்கள் பல. அவை அனைத்திற்கும் இது பயன்படும்.

இறுகுவதன் காரணங்கள்

முதற்காரணம் துரு. இரும்பு ஈரத்துடனும் காற்றிலுள்ள பிராணவாயுவுடனும் சேர்ந்து துருவாக மாறுகிறது. அவ்வாறு மாறும்போது, அழிந்த இரும்பு இருந்த இடத்தைக் காட்டிலும் இருமடங்கிற்கும் மேலான இடத்தைத் துரு அடைத்துக் கொள்கிறது. போல்ட்டின் மரைக்கும் துளையின் மரைக்கும் இடையே இருப்பது மயிரிழை போன்ற சந்துதான். அது துருவினால் நிரம்பியதும் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக் கொள்கின்றன.

இரண்டாவது காரணம் உஷ்ணம். புகை வெளியேறும் மேனிபோல்டு ஒவ்வொரு நாளும் கடுமையாகச் சூடேறி ஆறுகிறது. எண்ணெய்ப் பசை எரிந்து கரியாகிறது, துருப்பிடிப்பதும் விரைவாகிறது. எஞ்ஜினில் மற்ற போல்ட்டுகளைவிட மேனிபோல்டு போல்ட்டுகளே அதிகமாக முறிவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, இரு உலோகங்களின் சேர்க்கை. அலுமினிய ஹெட்டில் எஃகுப் போல்ட் இருந்து, அங்கே ஈரமும் சேருமானால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்மையான பொடியாகிறது. அதுவும் துருவைப் போலவே மரையை அடைத்து இறுக்கிவிடும்.

இவை தவிர ஓர் உண்மையையும் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு போல்ட்டை முடுக்கும்போது நாம் செலுத்தும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கப் பயன்படுகிறது. எஞ்சியவை தலையின் அடியிலும் மரையிலும் உண்டாகும் உராய்வுக்கே செலவாகின்றன. ஆகவே கழற்றுவோனின் வேலை, போல்ட்டின் பலத்தோடு போராடுவதன்று; உராய்வைக் குறைப்பதே.

முதலில் செய்ய வேண்டியவை

எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதை உறுதி செய்து கொள்க. பெரும்பாலான போல்ட்டுகள் இடப்புறமாகத் திருகினால் கழலும். ஆனால் சில எஞ்ஜின்களின் விசிறி நட்டுகளும், சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகளும் எதிர்மரை உடையவை. இதை அறியாமல் கழற்ற முயல்வோர் மேலும் முடுக்கிக் கொண்டே இருப்பர்.

பின்னர் போல்ட்டின் தலையையும் சுற்றுப்புறத்தையும் கம்பி பிரஷ்ஷினால் நன்கு தேய்த்துச் சுத்தம் செய்க. அழுக்கின் மேல் விடும் எண்ணெய் உள்ளே செல்லாது.

அடுத்தது ஸ்பானர். பழைய வாகனங்களில் அங்குல அளவுப் போல்ட்டுகளும் மில்லிமீட்டர் அளவுப் போல்ட்டுகளும் கலந்திருக்கலாம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறும்; ஆயினும் சற்றே ஆடும். அந்தச் சிறு ஆட்டமே தலையின் மூலைகளை மழுக்கிவிடப் போதுமானது. இறுகிய போல்ட்டுக்கு வாய்திறந்த ஸ்பானர் ஆகாது. ஆறு மூலையுள்ள பாக்ஸ் ஸ்பானரே சிறந்தது. பன்னிரண்டு மூலையுள்ளது மழுங்கிய தலையில் வழுக்கிவிடும்.

எண்ணெயும் அவகாசமும்

துருவைத் துளைத்துச் செல்லும் எண்ணெய் கடைகளில் டப்பாவாகக் கிடைக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தயாரிக்கப்பட்ட டபிள்யூடி-40 பலரும் அறிந்தது. அது முதலில் ஈரத்தை அகற்றித் துருவைத் தடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. கடுமையாக இறுகிய போல்ட்டுக்கு, ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய் மேல். அது கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்ஜின் எண்ணெயைக் கலந்து விடுவது பட்டறைக்காரர்களின் பழைய வழக்கம்.

எந்த எண்ணெயாயினும் அதற்கு அவகாசம் வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது தானே சந்துகளில் பரவ வேண்டும். மாலையில் விடுக, படுக்குமுன் மீண்டும் விடுக, காலையில் மற்றொரு முறை விடுக. ஒவ்வொரு முறையும் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராகச் சில தட்டுகள் தட்டுக. ஓங்கி அடிக்க வேண்டுவதில்லை. அதிர்ச்சியால் துருவில் வெடிப்புக் கண்டு, எண்ணெய்க்கு வழி பிறக்கும்.

முன்னும் பின்னும்

ஸ்பானரைப் பொருத்தியதும் உடனே கழற்ற முயலாமல், முதலில் சிறிதளவு முடுக்கும் பக்கமாக அசைத்துப் பாருங்கள். இம்மியளவு அசைந்தாலும் துருவின் பிடி விட்டது என்று பொருள். அதன்பின் கழற்றும் பக்கமாகக் கால் சுற்று, மீண்டும் முடுக்கும் பக்கமாகச் சிறிது, எண்ணெய், பின்னர் அரைச் சுற்று என முன்னும் பின்னுமாகச் செல்க. ஒரே போக்கில் இழுத்தால் துருப்பொடி மரையில் திரண்டு நடுவழியில் மீண்டும் இறுகும். பாவில் சிக்கு விழுந்தால் எந்த நெசவாளியும் இழையை வெடுக்கென்று இழுப்பதில்லை. தளர்த்தித் தளர்த்தியே எடுப்பார். இதுவும் அத்தகைய வேலையே.

கையின் உணர்வைக் கவனிப்பது மிகவும் முக்கியம். ‘டக்’ என்ற ஓசையுடன் சட்டென்று விட்டுக் கொடுத்தால் நன்று. அவ்வாறன்றி, ரப்பரைத் திருகுவதுபோல் நெகிழ்ந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புமானால், கீழே மரை அசையவில்லை. போல்ட்டின் உடல்தான் முறுக்கேறுகிறது. அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்.

ஸ்பானரில் குழாயைச் செருகுவது ஏன் தீது என்பதைக் கணக்கிட்டே காணலாம். 10 மில்லிமீட்டர் கனமுள்ள 8.8 தரப் போல்ட்டை முடுக்குவதற்குரிய முறுக்கு சுமார் 5 கிலோகிராம் மீட்டர். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பானரை ஒருவர் 20 கிலோகிராம் விசையோடு இழுத்தால் 6 கிலோகிராம் மீட்டர் ஆகிறது. அதையே 90 சென்டிமீட்டர் குழாயில் இருவராக 40 கிலோகிராம் விசையோடு இழுத்தால் 36 கிலோகிராம் மீட்டர் ஆகிறது. துருவினால் மெலிந்த போல்ட் இருக்கட்டும். புதிய போல்ட்டும் அதைத் தாங்காது.

உஷ்ணப் பிரயோகம்

எண்ணெயினால் ஆகாதது பெரும்பாலும் சூட்டினால் ஆகும். போல்ட் பொருந்தியிருக்கும் பாகத்தைச் சூடாக்கினால் துளை விரிகிறது. 10 மில்லிமீட்டர் துளையுள்ள வார்ப்பிரும்பில் உஷ்ணம் 200 டிகிரி உயர்ந்தால், துளை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு அளவு விரியும். அலுமினியத்தில் அதைப்போல் இருமடங்கு விரியும். பார்வைக்கு அற்பமாயினும் துருவின் பிடியைத் தகர்க்க அது போதும். போல்ட்டையே சூடாக்கி ஆறவிடுவதும் ஒரு முறை. விரிந்தபோது அது துருவை நசுக்கும். சுருங்கியபோது சந்து உண்டாகும். கைச்சூட்டிற்கு ஆறியபின் எண்ணெய் விட்டால் உள்ளே இறங்கும்.

இதில் ஆபத்துகள் உண்டு. டீசல் குழாய், பெட்ரோல் தொட்டி, ரப்பர்ப் பாகங்கள் ஆகியவற்றின் அருகில் தீயைக் கொண்டு செல்லலாகாது. பாட்டரி இணைப்பை முதலில் அகற்றிவிடுக. எண்ணெய் விட்ட இடத்தைத் துடைத்த பின்னரே தீ காட்ட வேண்டும். குளோரின் கலந்த துப்புரவுத் திரவங்கள் பட்ட இடத்தைச் சூடாக்கினால் நச்சு வாயு உண்டாகும். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். அலுமினியமோ சிவக்காமலே 660 டிகிரியில் உருகிவிடும். நிறத்தைப் பார்த்து அதன் சூட்டை அறிய இயலாது. ஆகவே அலுமினிய ஹெட்டில் அனுபவமில்லாதோர் இதில் இறங்க வேண்டாம்.

முறிந்துவிட்டால்

எல்லாம் செய்தும் சில போல்ட்டுகள் முறியவே செய்யும். மிச்சம் வெளியே நீட்டிக் கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, ஆறியபின் ஸ்பானரால் திருகலாம். வெல்டிங்கின் சூடே துருவைத் தளர்த்தி உதவும். மட்டமாக முறிந்திருந்தால், நடுவில் பஞ்ச் அடித்து, சிறிய டிரில்லால் துளையிட்டு, எதிர்மரைத் திருகியைச் செலுத்தி எடுப்பர். அத்திருகி மிகக் கடினமான எஃகினால் ஆனது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதை அறுக்காது. கூட்டாளிக்கு ஒடிந்த போல்ட்டோடு ஒடிந்த கருவியும் சேர்ந்துவிடும். எனவே இந்தக் கட்டத்தில் நல்ல பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

திரும்பப் பூட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, அதே தரத்துப் புதிய போல்ட்டுகளையே போடுக. தாமிரத்தூள் கலந்த கிரீஸை மரையில் மெல்லிதாகத் தடவினால் அடுத்த முறை இந்தத் துன்பம் இராது. கிரீஸ் தடவிய போல்ட் எளிதில் முடுகுமாதலால் முறுக்கைச் சற்றுக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

சங்கத்தின் கடமை

இனி அந்தத் தீர்மானத்துக்கு வருவோம். அந்த போல்ட்டுக்கு வேண்டியிருந்தது ஓர் இரவும் ஒரு பகலும் அவகாசம். அதைக் கொடுக்கும் அதிகாரம் டிரைவரிடம் இல்லை. நிர்வாகக் குழுவிடமே இருந்தது. மேலும், அச்சங்கத்தின் சாமான் பதிவேட்டில் பாக்ஸ் ஸ்பானர் ஒன்றுகூடக் காணப்படவில்லை. கேஸ்கட்டில் புகை கசிவதாக டிரைவர் ஒரு மாதத்துக்கு முன்பே வண்டிப் புத்தகத்தில் எழுதியிருந்தார். அதை எவரும் படிக்கவில்லை. இவற்றையெல்லாம் என் குறிப்பில் எழுதினேன். குழுவினர் அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்து, பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்தனர்.

வாகனம் உள்ள சங்கங்கள் உழவுப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்னரே அதைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். சரியான ஸ்பானர்களும் ஒரு டப்பா எண்ணெயும் வாங்கி வைக்க வேண்டும். வண்டிப் புத்தகத்தைக் காரியதரிசி வாரந்தோறும் படித்துக் கையெழுத்திட வேண்டும். ‘போல்ட் இறுகியிருக்கிறது, நாளை வரை அவகாசம் வேண்டும்’ என்று டிரைவர் கூறினால், அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் உழவு தாமதமாவதை அங்கத்தினர்கள் பொறுத்துக் கொள்வர். பதினொரு நாட்கள் தாமதமானால் பருவமே தவறிவிடும்.