‘என்றால்’ ஒருவழிச் சாலை

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில், ஒரகடம் தொழிற்சாலை ஷிஃப்டுக்கு நேரமாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் ஏராளம். அவர்கள் கண்ணெதிரே இருந்தது தர்க்கவியலின் முதல் பாடம்.

இன்டர்லாக்கிங் உள்ள, அதாவது சிக்னலோடு பிணைத்த, கேட்டின் விதி இது: சிக்னல் பச்சை என்றால், கேட் பூட்டியிருக்கிறது. முதல் கூற்று ‘ச’, இரண்டாவது ‘க’. சுருக்கமாக, ச → க. அம்புதான் ‘என்றால்’. கூடவே மூன்று குறிகள்: ¬ ‘இல்லை’, ∧ ‘இதுவும் அதுவும்’, ∨ ‘இதுவோ அதுவோ’.

லோகோ பைலட் பச்சையைப் பார்க்கிறார். கேட் கண்ணில் படும் முன்பே அது பூட்டியிருப்பதாகக் கொண்டு வேகம் குறையாமல் வருகிறார். ச உண்மை, ஆகவே க உண்மை. இது மோடஸ் போனென்ஸ். லாரி ஒன்று தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ள, கேட்டை இறக்க முடியவில்லை. ¬க, ஆகவே ¬ச, பச்சை விழாது. இது மோடஸ் டாலென்ஸ்.

‘கேட் பூட்டியாச்சு, அப்போ பச்சை விழுந்திருக்கும்’ என்பது மட்டும் தவறு. பூட்டிய பிறகும் சிக்னல் சிவப்பாகவே இருக்கலாம். அம்பைத் திருப்பிப் பிடிப்பதே இந்தப் பிழை. இதன் உடன்பிறப்பு ஆளையே காவு வாங்கும்: ‘ரயில் வந்தால் கேட் மூடும், ரயில்தான் போயிடுச்சே, இனி எதற்கு?’ என்று பைக்கைச் சாய்த்துக் குனிந்து நுழைபவருக்கு, அடுத்த தடத்தில் வரும் ரயில் தெரியாது.

இந்த கேட்டுக்கு மேற்கே இருக்கும் காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் அளவைநெறி, அதாவது தர்க்கம், கேட்கிறாள். ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), போலி (பிழையான வாதம்) என்று ‘மணிமேகலை’ காப்பியத்தின் 29ஆம் காதை நுணுக்கமாக விரிகிறது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி மறுத்தார்கள் பழைய தர்க்கவாதிகள். ஃபோர்ஜிங் பட்டறைக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

1937இல் பொறியாளர் கிளாட் ஷானன், ரிலே (மின்சார சுவிட்ச்) சுற்றுகளும் இதே கணக்குதான் என்று காட்டினார். தொடராக இணைத்த சுவிட்சுகள் ∧, பக்க இணைப்பு ∨. பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாதிருக்க வைத்த ∧ அது. ஒரு பட்டனில் குச்சியைச் செருகினால்? விதி அப்படியே இருக்கும், ‘இடது கை பட்டனில்’ என்ற கூற்று பொய்யாகிவிடும். அதனால்தான் நல்ல மெஷின்கள் இரண்டும் அரை நொடிக்குள் அமுங்கியதா, ஒவ்வொரு முறையும் விடுபட்டதா என்றும் பார்க்கின்றன. தர்க்கம் வழியைத்தான் காக்கும். புறப்படும் இடத்தை நாம்தான் சரிபார்க்க வேண்டும்.