சிலிண்டருக்குள் அடங்கிய வாயு

உலகப் பொருள்கள் திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் காணப்படுகின்றன என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியே. பனிக்கட்டி, தண்ணீர், நீராவி ஆகிய மூன்றிலும் உள்ள நுண்துகள்கள் ஒரே வகையினவே. அவற்றின் நெருக்கமும் ஓட்டமும் மட்டுமே வேறு. திடப்பொருளில் துகள்கள் நெருங்கித் தத்தம் இடத்தில் நின்றே அதிர்கின்றன. திரவத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. வாயுவிலோ கட்டறுத்துக்கொண்டு எத்திசையும் பறக்கின்றன. வெப்பம் மிகுந்தால் ஓட்டம் மிகும். அழுத்தம் மிகுந்தால் நெருக்கம் மிகும்.

இவ்வுண்மை நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. சமையல் வாயுச் சிலிண்டரை அசைத்தால் உள்ளே தளும்பும் ஒலி கேட்கிறதன்றோ? வாயுவென்று பெயர் பெற்றது தண்ணீர்போல் தளும்புவதேன்? அதிலுள்ள பொருள்கள் புரொப்பேனும் பியூட்டேனும் ஆம். திறந்த வெளியில் புரொப்பேன் சுழிக்குக் கீழ் 42 பாகை செல்சியசிலும், பியூட்டேன் ஏறக்குறைய சுழிப் பாகையிலும் கொதித்துவிடும். ஆயினும் அழுத்தி அடைத்தால் துகள்கள் நெருங்கித் திரவமாகின்றன. இவ்வாறு சுமார் 250 லிட்டர் வாயு ஒரு லிட்டர் திரவத்துள் அடங்குகிறது. 14.2 கிலோ வாயுவை ஒருவர் தோளில் சுமந்துவர முடிவது இதனாலேயே.

சிலிண்டருள் திரவத்தின் மேல் சிறிது இடம் விடப்பட்டிருக்கும். வெப்பத்தால் திரவம் விரியும்போது அதற்கு அவ்விடம் வேண்டும். அங்கே நிறைந்திருக்கும் வாயுவே அடுப்புக்கு வருகிறது. அது குறையக் குறையத் திரவத்தின் துகள்கள் வெப்பத்தை உட்கொண்டு மேலெழுந்து வாயுவாகின்றன. நெடுநேரம் அடுப்பெரிந்தால் சிலிண்டரின் புறம் சில்லிடுவதன் காரணம் இதுவே. மூணாறு போன்ற குளிர்ந்த ஊர்களில் சுடர் தணிவதும் இதனாலேயாம். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதோ, நெருப்பருகே வைப்பதோ பெருந்தீங்கு; உள்ளே அழுத்தம் எல்லை மீறிப் பெருகும். சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் பாய்ந்து, சுடர் பெருந்தீயாகும்.

அடைபட்ட துகள்கள் வெளியேறினால் நேர்வது யாது? 2025 ஜனவரி 3 ஆம் நாள் விடியற்காலையில், கொச்சியிலிருந்து கோவைக்கு 18 டன் வாயு ஏற்றி வந்த டேங்கர் லாரியொன்று அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்து கசிந்தது. கொச்சியினின்று கோவைக்குச் செல்லும் பெருவழி நம் வாளையாரைக் கடந்தே செல்கிறது. தீயணைப்புப் படையினர் இடைவிடாது தண்ணீரைப் பீய்ச்சினர். அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீப்பொறி எழாமையால் உயிர்ச்சேதமின்றி இடர் நீங்கியது. ஆனால் 2012 ஆகஸ்ட் 27 ஆம் நாள் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் கவிழ்ந்த டேங்கரின் வாயு தீப்பற்றியதால் பலர் மாண்டனர்.

இவ்வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. புகைபோல் மேலெழாமல் தரையோடு படிந்து, தாழ்ந்த மூலைகளில் தேங்கும். தோட்டத்து லயங்களிலும் ஓரறை வீடுகளிலும் அடுப்பருகே பாய் விரித்து உறங்கும் நம்மவர் இதனை மறத்தலாகாது. இயல்பில் இதற்கு மணமில்லை. கசிவை நாமறியும் பொருட்டே துர்நாற்றப் பொருளொன்று கலக்கப்படுகிறது. ஆகவே அந்நாற்றம் ஓர் எச்சரிக்கை மணியாகும்.

நாற்றம் வந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுக. கதவு, சன்னல்களைத் திறந்துவிடுக. மின்விசையைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. இரண்டிலும் பொறி பிறக்கும். விளக்கோ ஊதுவத்தியோ ஏற்றற்க. குழந்தைகளையும் முதியோரையும் வெளியே அழைத்துச் சென்று, அங்கிருந்தே 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்க. இரவில் உறங்குமுன் ரெகுலேட்டரை மூடுதல் ஒரு நொடி வேலை. அதனை இல்லத்தார் அனைவரும், சிறுவர் உட்பட, பழகிக்கொள்வார்களாக.