கருவி சொல்லலாம், பொறுப்பேற்பவர் யார்?

சர்க்கரை நோய் நெடுநாள் நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்த நாளங்கள் மெல்லச் சிதைகின்றன. தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. மங்கிய பின்னர் வருபவருக்கு இழந்த பார்வையை முழுமையாக மீட்டுத் தருவது பெரும்பாலும் இயலுவதில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு நாங்கள் வற்புறுத்துகிறோம். ஆனால் புன்னைக்காயல் போன்ற கடலோர ஊரிலிருந்து, ஒருநாள் தொழிலை விட்டு, கண் மருத்துவரைத் தேடிச் செல்வது எளிதன்று. ஊரிலேயே படமெடுத்து, அதைக் கணினியே படித்துச் சொல்லுமாயின் எத்துணை நன்மை! செயற்கை நுண்ணறிவு மருத்துவத்துக்கு அளிக்கும் நம்பிக்கை இத்தகையது.

இது வெறுங்கனவன்று. கூகுள் நிறுவனம் உருவாக்கிய இத்தகைய கருவியொன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளர்களிடம் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2019இல் வெளியாயின. மதுரையில், கவனிக்கத்தக்க பாதிப்பு உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 89 பேரை அது சரியாகக் கண்டறிந்தது. அதே பணியைச் செய்த மனிதர்கள் கண்டறிந்ததோ, ஆளுக்கு ஆள் வேறுபட்டு, 73 முதல் 90 வரை. கருவி மனிதருக்கு இளைத்ததன்று என்பது தெளிவு. ஆயினும், நூற்றில் விடுபட்ட அந்த 11 பேரை மறத்தல் கூடாது. ‘நோய் இல்லை’ என்ற விடையை நம்பி அமைதியாக வீடு திரும்புபவர்கள் அவர்களே.

ஆய்வுக்கூடமும் ஊரும்

ஓரிடத்தில் நன்கு இயங்கும் கருவி வேறோரிடத்தில் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. இதே வகைக் கருவி தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தப்பட்டபோது, ஐந்தில் ஒரு படத்துக்கும் மேலாக, ‘தரம் போதாது’ என்று அது ஒதுக்கிவிட்டது. பல நிலையங்களில் படமெடுக்க இருட்டறை இல்லை என்பது ஒரு காரணம். படம் ஏற்கப்படாதவர்களுள் பலர் வேறொரு நாள் வேறிடம் செல்ல வேண்டியதாயிற்று. குறை கணக்கில் மட்டும் இல்லை. கருவியை எங்கே, யார் கையில், எந்த ஏற்பாட்டோடு தருகிறோம் என்பதிலும் உள்ளது.

உப்புக்கு மாற்று

இவை மருத்துவமனைக்குள் இயங்கும் கருவிகள். கைப்பேசியில் கேள்விக்கு விடை தரும் உரையாடல் செயலிகளின் நிலை வேறு. அவற்றின் முன் சோதனையும் இல்லை, அருகில் மருத்துவரும் இல்லை. அமெரிக்காவில் 60 வயதுடைய ஒருவர், உப்பிலுள்ள குளோரைடைத் தவிர்க்க விரும்பிச் செயலியொன்றைக் கேட்டபின், சமையல் உப்புக்கு மாற்றாகச் சோடியம் புரோமைடை மூன்று மாதம் உண்டார். புரோமைடு நஞ்சேறி, மனம் பேதலித்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்குள்ள மருத்துவர்கள் 2025இல் இதனைப் பதிவு செய்துள்ளனர். உப்பளங்கள் சூழ்ந்த நம் மாவட்டத்தில், இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்படுவோர் பலர் உளர். ‘எதைச் சேர்க்கலாம்?’ என்று அவர்கள் கைப்பேசியைக் கேட்பது இயல்பே. விடை தெளிந்த தமிழில், தயக்கமின்றி வரும். அந்தத் தயக்கமின்மையே எங்களை அஞ்சச் செய்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் விதிகள் அறவே இல்லை என்பது சரியன்று. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளருக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது. அது பதிவுபெற்ற மருத்துவரின் பணி என்று 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நோய் கண்டறியவென உருவாக்கப்படும் மென்பொருளும் அதே ஆண்டு முதல் மருத்துவக் கருவியாகச் சட்டத்தின்கீழ் வந்துள்ளது. தமிழ்நாடு அரசு 2020இல் செயற்கை நுண்ணறிவுக்கெனப் பொதுவான கொள்கை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் அறநெறி வழிகாட்டுதல்களை வகுத்தது. ஆனால் ‘பொதுத் தகவல் மட்டுமே தருகிறோம்’ என்று கூறிக்கொள்ளும் செயலிகள் இவ்வலையின் கண்கள் வழியே நழுவிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியுள்ளதைப் போன்ற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

கட்டுப்பாடு என்றதும் அது முன்னேற்றத்துக்குத் தடை என்பர் சிலர். முத்துக்குளித்த கரையினராகிய நமக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை. முத்துச் சலாபம் நடந்த காலத்தில், நினைத்த நாளில் எவரும் பாரில் இறங்கிவிடவில்லை. முதலில் பாரை ஆய்வர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தின் மதிப்பைக் கணிப்பர். சிப்பி முதிர்ந்ததென்று கண்ட பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். தூத்துக்குடியில் 1961இல் நடந்த இறுதிச் சலாபம் வரை அந்த ஒழுங்கு இருந்தது. எவரும் அதனைக் கடலுக்குப் பகை என்று சொல்லவில்லை.

அவ்வாறே, எந்த மருத்துவ நுண்ணறிவுக் கருவியும் நம் மக்களிடம் சோதிக்கப்பட்ட பின்னரே பயன்பாட்டுக்கு வரல் வேண்டும். அது பயன்படுத்தப்படுவது நோயாளருக்குச் சொல்லப்படல் வேண்டும். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பவர் இன்னார் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படல் வேண்டும். இவை மூன்றும் மருந்துக்கு நாம் ஏற்கெனவே எதிர்பார்ப்பவையே.

நோயாளர்களும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை

• செயலி கூறியதை நம்பி மருந்தைத் தொடங்கவோ, நிறுத்தவோ, அளவை மாற்றவோ வேண்டா. உப்புக்கு மாற்றும் இதில் அடங்கும்.

• செயலியில் படித்ததை எங்களிடம் மறையாது கூறுங்கள். அதற்காக எவரும் கடிந்துகொள்ளமாட்டார்.

• பரிசோதனை முடிவைப் படித்தது கருவியா, மருத்துவரா என்று கேளுங்கள். கேட்பது தங்கள் உரிமை.

• பெயர், ஆதார் எண் உள்ள மருத்துவ அறிக்கைகளைச் செயலிகளில் பதிவேற்றாதீர்கள்.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கச் செயலிழப்பு ஆகியவற்றுக்குக் கைப்பேசியில் விடை தேடாதீர்கள். அதே கைப்பேசியில் 108ஐ அழையுங்கள்.