வழக்கிறந்த ஆங்கிலக் காய்கறிப் பெயர் வடிவங்கள்: சொல்வரலாற்று நோக்கு

முன்னுரை

சிலப்பதிகாரக் கட்டுரை காதை ‘தங்கால்’ எனச் சுட்டும் ஊர் இன்று ‘திருத்தங்கல்’ என வழங்குகிறது. தங்கால் பொற்கொல்லனார் என்னும் சங்கப் புலவர் பெயரிலும் பழைய நெடில் நிற்கிறது. பழைய எழுத்துவடிவம் பிழையன்று. சொல் கடந்துவந்த வழியின் சான்றாகும். ஆங்கிலக் காய்கறிப் பெயர்களின் வழக்கிறந்த வடிவங்களுக்கும் இது பொருந்தும். அவற்றை மூவகைப்படுத்தலாம்.

1. பொருளேற்றத் திரிபு

பொருள் விளங்காத அயற்சொல்லை மக்கள் அறிந்த சொல்லாக மாற்றுவது இவ்வகை. ‘அஸ்பராகஸ்’ முதலுயிர் கெட்டு, ‘ஸ்பாரோகிராஸ்’ (குருவிப்புல்) ஆயிற்று. சாமுவேல் பெப்பீசின் 1667ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இவ்வடிவம் உள்ளது. ‘குக்கம்பர்’ (வெள்ளரி) என்பதன் முதலசையில் பசுவைக் குறிக்கும் ‘கௌ’ புகுந்து ‘கௌகம்பர்’ என எழுதப்பட்டது.

2. விகுதி மயக்கம்

பட்டாணியைக் குறித்த ‘பீஸ்’ முதலில் ஒருமைச் சொல். அதன் ஈற்றொலி பன்மை விகுதியெனக் கருதப்பட்டு நீக்கப்பட, ‘பீ’ என்னும் புதிய ஒருமை பிறந்தது. ‘பீஸ் புட்டிங்’ என்னும் உணவுப்பெயரில் பழைய வடிவம் எஞ்சியுள்ளது.

3. கடன்வழிச் சுவடு

யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி, கத்தரிக்காயைப் ‘பிரிஞ்சால்’ எனத் தலைச்சொல்லாகத் தருகிறது. இன்றைய எழுத்துக்கூட்டலில் இல்லாத ‘யு’ என்னும் எழுத்து அதன் ஈற்றசையில் உண்டு. போர்ச்சுகீசிய ‘பெரிஞ்செல’, அரபு ‘பாதிஞ்சான்’, பாரசீக ‘பாதிங்கான்’, வடமொழி ‘வாதிங்கண’ எனப் பின்னோக்கிச் செல்லும் இச்சொல்லின் மூலம் திராவிட மொழிகளில் உள்ளதென அறிஞர் சிலர் கருதுவர். தமிழ் ‘வழுதுணை’, மலையாள ‘வழுதன’ ஆகியன அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. தமிழ்நாட்டில் ‘வழுதுணை’ அருகிவிட, அதனோடு உறவுடையதாகக் கருதப்படும் ‘பிரிஞ்சால்’ ஆங்கிலம் வழியாக இங்கேயே வழங்குகிறது.

அதே அகராதியின் ‘பெண்டி’ (வெண்டைக்காய்) வேறொரு வழியைக் காட்டுகிறது. அதன் முதலெழுத்து தமிழ் வகரத்தைவிட மராத்தி ‘பேண்டீ’, தெலுங்கு ‘பெண்ட’ ஆகியவற்றின் பகரத்துக்கே நெருக்கமானது. எனவே அதனைத் தமிழிலிருந்து நேரே சென்ற கடன் எனக் கொள்ளல் பொருந்தாது. ‘மொரிங்கா’ என்பதன் இடையிகரமும் தமிழ் ‘முருங்கை’யைவிட மலையாள ‘முரிங்ங’வையே ஒட்டியுள்ளது.

முடிவுரை

ஆங்கிலேயர் கால ஆவணங்களை மின்பதிப்பாக்குவோர் பழைய வடிவங்களை இக்கால வடிவங்களாகத் திருத்திவிடின், கடன்வழியை உணர்த்தும் எழுத்துச்சான்று மறையும். திருத்தாது விட்டாலோ, இக்கால வடிவத்தைக் கொண்டு தேடும் ஆய்வாளருக்கு அவை அகப்படா. மூலவடிவத்தை அவ்வாறே பதிப்பித்து, இக்கால வடிவத்தைச் சொல்லடைவில் இணைத்தலே இரண்டிற்கும் தீர்வாகும்.