கழற்றுவதா, மறைப்பதா? – பழைய அம்பாசிடரின் ஜன்னல் பட்டைகள்

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் அன்பர்கள் நம் தீவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "சார், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கணும். கண்ணாடியைச் சுத்தியிருக்கிற ரப்பரையும் பளபளப்புப் பட்டையையும் கழட்டணுமா, இல்லே பேப்பர் ஒட்டி மறைச்சு அடிச்சாப் போதுமா?" ரயிலே இல்லாத தீவில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரனுக்கு இந்த மரியாதையாவது கிடைக்கிறதே என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னேன். நான்காவது ஆள் வருவதற்குள் நம் சங்கப் பத்திரிகையிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கழற்ற முடிந்ததைக் கழற்றிவிடுங்கள் என்பதே என் பதில். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மறைத்து அடித்தாலும் சில வருடம் தாங்கும். இங்கே தாங்காது. காரணம் உப்பு. வருடத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை, நாலு பக்கமும் கடல். டேப் ஒட்டி அடிக்கும்போது புதுப் பெயிண்ட் ரப்பரின் விளிம்போடு நின்றுவிடுகிறது. ரப்பருக்கு அடியில் இருப்பது பழைய பெயிண்ட், பழைய அழுக்கு, அதனுள் பழைய உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். வெயில் அடித்தாலும் அந்த இடம் காய்வதில்லை. போதாக்குறைக்கு, அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இரும்புத் தகட்டோடு ஒட்டி நின்று நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு சிறு பேட்டரி ஆகிவிடுகிறது. இரண்டில் ஏதாவது ஒன்று அரிபடும். ஸ்டெயின்லெஸ் பட்டை பளபளவென்று இருக்க, அதன் அடியில் உள்ள தகடு பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

ரயில் பெட்டியிலும் இதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கிய காலம் முதல் ஆயிரக்கணக்கில் கட்டிய பெட்டிகளில் துரு முதலில் தலை காட்டும் இடங்கள் பணிமனையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று கழிப்பறைத் தரை, இன்னொன்று ஜன்னலுக்குக் கீழே உள்ள பக்கத் தகடு. ஜன்னல் வழியே உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் புத்தம் புதிதாக இருக்கும். சுத்தியலால் தட்டினால்தான் சத்தம் காட்டிக்கொடுக்கும். டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் முதலில் கொடுக்கப்பட்டது அந்தச் சுத்தியல்தான்.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. போர்ட் பிளேர் என்றுதான் என் வாயில் இன்னும் வருகிறது.) பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஒரு மார்க் 4 அம்பாசிடர் இருக்கிறது. அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து டாக்ஸி ஓட்டி, பிறகு சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டி. அப்பா காலமான பிறகு ஒரு பட்டறையில் கொடுத்தார். அங்கே எதையும் கழற்றாமல் செய்தித்தாள் ஒட்டி அடித்துத் தந்துவிட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் பெயிண்ட் கொப்பளித்தது. மூன்றாவதில் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சொட்டியது. "இன்னொரு தடவை செலவு பண்ண முடியாது சார், இந்தத் தடவை சரியா வரலேன்னா வித்துடுவேன்" என்றார். யார் வாங்குவார்கள்? பழைய இரும்புக்காரர்தான் வாங்குவார்.

கழற்றுவதிலும் பயம் உண்டு, நியாயமான பயம். உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஒரு பட்டை மடங்கிவிட்டால் மடங்கியதுதான். அலுமினியப் பட்டையில் ஒரு மடிப்பு விழுந்தால் எத்தனை தட்டினாலும் அந்தக் கோடு போகாது. ஸ்டெயின்லெஸ் என்றால் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி ஓரளவு நிமிர்த்தலாம். கண்ணாடி டஃபண்டு வகையாக இருந்தால் விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டாலும் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். பிறகு சென்னைக் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே அவசரம் கூடாது. ஸ்க்ரூடிரைவரைக் கிட்டவே கொண்டுவர வேண்டாம். மூங்கிலை ஒரு விரல் அகலத்துக்குச் சீவி, நுனியை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கச் செய்துகொண்டால் அதைவிட நல்ல கருவி இல்லை. வண்டியைக் காலை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, ரப்பர் மேல் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, சோப்புத் தண்ணீரை இடுக்கில் விட வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். பட்டையை ஒரு முனையில் பிடித்து இழுக்காமல், ஒவ்வொரு கிளிப்பாகத் தேடி அதன் அருகிலேயே நெம்ப வேண்டும். கழற்றியதை அந்தந்த நீளத்துக்கு மரச்சட்டத்தில் கட்டி, எந்தக் கதவு, எந்தப் பக்கம் என்று எண் எழுதி வைப்பது உத்தமம். முன் கதவு முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தைக் கழற்றும்போது ஸ்க்ரூக்களை இடம் மாற்றாமல் அட்டையில் குத்தி வையுங்கள்.

எங்கள் தம்பி வண்டியில் முன் கண்ணாடி, கதவுப் பட்டைகள், முக்கோணக் கண்ணாடிகள் எல்லாம் இப்படி வெளியே வந்தன. முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் விரல் நுழையும் அளவு இரண்டு ஓட்டைகள். டிங்கர் தம்பி பட்டி வைத்து மூடப் போனார். தடுத்து, புதுத் தகடு வெட்டி வெல்டு வைக்கச் சொன்னோம். பட்டிக்கு அடியிலும் துரு நடந்துகொண்டே இருக்கும்.

பின் கண்ணாடியில் மட்டும் கை வைக்கவில்லை. அதன் ரப்பர் கல் மாதிரி இறுகி, வளைத்தால் வெடிப்பு விட்டது. மாற்று ரப்பர் கையில் இல்லாமல் அதை எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. தட்டிப் பார்த்ததில் தகடும் நன்றாகவே இருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மறைக்கும் வித்தை. ரப்பரின் உதட்டை மூங்கில் சீவலால் தூக்கி, அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட கரண்ட் வயரைச் சுற்றிலும் நுழைத்துவிட வேண்டும். உதடு எழும்பி நிற்கும். அந்த இடுக்கைத் துடைத்துக் காயவிட்டு, ரப்பருக்கு மட்டும் டேப் ஒட்டி அடித்தால் பெயிண்ட் உதட்டுக்கு அடியிலும் கொஞ்சம் போய்ச் சேரும். வயரை உருவியதும் உதடு இறங்கிப் பெயிண்ட் விளிம்பை மூடிக்கொள்ளும். வெளியே தெரிகிற விளிம்பில்தான் பெயிண்ட் உரியத் தொடங்கும். விளிம்பே வெளியில் இல்லையென்றால் பாதிக் கவலை விட்டது.

மாஸ்கிங் டேப்புக்கும் கார்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1920-களில் அமெரிக்காவில் இரண்டு வண்ணக் கார் மோகம் வந்தது. பெயிண்டர்கள் பசையும் செய்தித்தாளும் ஒட்டி மறைத்தார்கள். பிரிக்கும்போது பெயிண்டும் கூடவே வந்தது. உப்புத்தாள் சோதனைக்காகப் பட்டறைக்கு வந்திருந்த 3எம் கம்பெனியின் இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ அவர்கள் திட்டுவதைக் கேட்டார். 1925-இல் சுருக்கத்தாளில் மென்மையான பசை தடவிய டேப்பைக் கொண்டுவந்தார். வளைவில் அது இழுபட்டு வளைவதற்கு அந்தச் சுருக்கமே காரணம். நூறு வருடம் ஆகியும் நம் பட்டறைகளில் கோதுமைப் பசை முழுவதும் ஒழியவில்லை!

டேப்பை வெயிலில் நாள் கணக்கில் விடக்கூடாது. பசை வெந்து ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். பெயிண்ட் கல்லாக இறுகும் முன்பே, டேப்பைத் தன் மேலேயே மடித்து மெதுவாக உரிக்க வேண்டும். கண்ணாடிக்கு ஒற்றைச் செய்தித்தாள் போதாது. தின்னர் ஊறி எழுத்து பதியும். பழுப்புக் காகிதம் மேல்.

காலமும் முக்கியம். ஈரக் காற்றில் என்.சி. பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதால் வரும் வினை அது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே பொருத்தமான மாதங்கள். ஆனால் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். தனிக்காரி அணையில் தண்ணீர் இறங்கிக் குழாய் முறை வைத்து வருவதும் அதை ஒட்டித்தான். முன்கூட்டியே டிரம்மில் பிடித்து வையுங்கள்.

திருப்பி மாட்டும்போது கிளிப் துளைகளின் வெட்டு விளிம்பில் பிரஷ்ஷால் பிரைமர் தொட்டு, காய்ந்ததும் கிரீஸ் தடவி மாட்டவும். கண்ணாடி ரப்பரில் சிலிக்கான் சீலண்ட் வைப்பதானால் முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் வேண்டாம். அதிலுள்ள அமிலம் தகட்டை அரிக்கும்.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் கடந்து அசல் உருவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். தம்பியின் வண்டிக்கு அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. டேஷ்போர்டு காய்ந்தே இருக்கிறது. பின் கண்ணாடி மூலைகளை மாதம் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே குறை, இடது பின் கதவின் பட்டை முந்தைய பட்டறையிலேயே தொலைந்துவிட்டது. ஊருக்குப் போகும் அன்பர்கள் யாராவது சென்னை புதுப்பேட்டைப் பக்கம் சென்றால் மார்க் 4-க்கு ஒன்று கிடைக்கிறதா என்று விசாரிக்கவும். கிடைத்தால் பைக்குள் அடங்கவில்லை என்று வளைத்துவிட வேண்டாம். மரச்சட்டத்தில் கட்டி நீளமாகவே கொண்டுவாருங்கள். செலவைத் தம்பி கொடுத்துவிடுவார்.