இரவில் உடனிருக்கும் மேய்ப்பர்

அறுவடை முடிந்த பின்னர், மாசி, பங்குனி மாதங்களில், மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ சென்றவர்கள் வெறும் வயல்களில் ஆட்டுக்கிடையைக் கண்டிருப்பார்கள். நிலத்திற்கு எரு வேண்டும் உழவர்கள் கிடை மறிக்கச் சொல்வார்கள். பகல் முழுவதும் மேய்ந்த மந்தை இரவில் அவ்வயலிலேயே அடைக்கப்படும். ஈன்று சில நாட்களே ஆன குட்டிகளைத் தனியே கூடையால் மூடி வைப்பார்கள். மேய்ப்பவர் வீடு திரும்புவதில்லை. கிடையின் ஓரத்திலேயே கம்பளியை விரித்துப் படுத்துக்கொள்வார். நாயும் நரியும் திருடரும் வருவது இரவில்தான் அல்லவா?

கடவுளை மேய்ப்பராகக் காட்டும் விவிலியப் பகுதிகளைப் படிக்கும்போது இக்காட்சியை நினைவில் கொள்வது நல்லது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டிப் படங்களில் பசும்புல்லும் தெளிந்த நீரும் மட்டுமே இருக்கும். ஆனால், மேய்ப்பரின் வேலையில் பாதி இருட்டில் நடைபெறுவது. (நம் ஊரில் சீர்திருத்தத் திருச்சபையார் ‘மேய்ப்பர்’ என்றும் கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்றும் வழங்குவர், பொருள் ஒன்றே.)

மருத்துவமனைகளில் மிகுதியாக வாசிக்கப்படும் திருப்பாடல் 23ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள் கொண்டது. மரபுப்படி, பெத்லகேமில் ஆடு மேய்த்த தாவீதின் பாடல். அதனை மெதுவாக வாசித்தால் ஒரு மாற்றம் புலப்படும். முதல் மூன்று வசனங்களில் பாடுகிறவர் கடவுளை ‘அவர்’ என்று பிறரிடம் எடுத்துரைக்கிறார். நான்காம் வசனத்தில் இருண்ட பள்ளத்தாக்கு வருகிறது. அவ்விடத்தில் ‘அவர்’ என்பது மறைந்து, ‘நீர்’ என்று நேருக்கு நேர் பேசத் தொடங்குகிறார். மேய்ச்சல் நிலத்தில் கடவுளைப் பற்றிப் பேசியவர், பள்ளத்தாக்கில் கடவுளோடு பேசுகிறார். பள்ளத்தாக்கு வராது என்றோ, அதனைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றோ அப்பாடல் வாக்களிக்கவில்லை. நோய் உறுதியாக நீங்கும் என்றும் அது சொல்லவில்லை. உடனிருப்பையே சொல்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவில் இதனைக் கேட்டு அமைதியடைந்தவர்கள் பலர், அழுதவர்களும் உண்டு. இரண்டுமே அப்பாடலுக்கு ஏற்றவைதாம்.

‘நான் என்ன பாவம் செய்தேன், எனக்கேன் இந்த நோய்?’ என்ற கேள்வி படுக்கையருகே அடிக்கடி எழுகிறது. உறவினரும் சில வேளைகளில், அறியாமலே, அதே பொருள்படப் பேசிவிடுகின்றனர். அவர்கள் எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களிடையே வாழ்ந்த இறைவாக்கினர் எசேக்கியேல். மக்களின் தலைவர்களை அவர் மேய்ப்பர்கள் என்று அழைத்துக் கண்டிக்கிறார்: நலிந்ததைத் திடப்படுத்தவில்லை, நோயுற்றதற்கு மருந்திடவில்லை, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப்போடவில்லை என்பன குற்றச்சாட்டுகள். நோயுற்ற ஆட்டின்மேல் அங்கு ஒரு குற்றமும் சுமத்தப்படவில்லை. கவனிக்கத் தவறியவர்களே விசாரிக்கப்படுகிறார்கள். மெலிந்தவற்றைத் தோளாலும் கொம்பாலும் முட்டித் தள்ளிய கொழுத்த ஆடுகளுக்கும் கண்டனம் உண்டு. பின்னர், கடவுள் தாமே வந்து காயங்களைக் கட்டுவதாக உரைக்கிறார். மருத்துவப் பணியில் உள்ள எங்களுக்கு அச்சமூட்டும் அதிகாரம் இது. அவ்வப்போது படித்துக்கொள்வது எங்களுக்கும் நல்லது.

யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மை நல்ல மேய்ப்பர் என்கிறார். ஓநாய் வரக் கண்டதும் கூலியாள் ஓடிவிடுகிறான். நல்ல மேய்ப்பரோ ஆடுகளுக்காகத் தம் உயிரையே கொடுக்கிறார். அதே அதிகாரத்தில் அவர் தம்மை வாசல் என்றும் கூறுகிறார். கிடையோரத்தில் படுத்திருக்கும் மனிதரைக் கண்டவருக்கு இது புதிராக இராது. அவரைத் தாண்டாமல் எதுவும் உள்ளே நுழைய முடியாது.

துணையிருக்கும் தாய்மார்களுக்கும் மனைவியருக்கும் மக்களுக்கும் ஒரு சொல். நோயாளி கண் விழிக்கும்போது அருகில் இல்லாமல் போய்விடுவோமோ என்று அஞ்சி, நான்கைந்து இரவுகள் நாற்காலியிலேயே கழிப்பவர்களைப் பார்க்கிறோம். கிடையில் ஆள்கள் முறை மாற்றியே காவல் இருப்பார்கள். ஒருவர் உறங்க, மற்றவர் விழித்திருப்பார். கடவுள் உறங்குவதுமில்லை, கண்ணயர்வதுமில்லை என்று 121ஆம் சங்கீதம் சொல்வதை, மனிதர் உறங்குவதற்குக் கிடைத்த அனுமதியாகவும் கொள்ளலாம். ஆகையால் இன்றிரவு வீட்டிலிருந்து வேறொருவர் வரக்கூடுமானால் அவரை வரச் சொல்லுங்கள். வர ஒருவரும் இல்லையெனில், இரவுப் பணியில் உள்ள செவிலியரிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டு, சற்று நேரம் படுத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் எழுப்புவார்கள்.