தாங்குதிறன் என்றால் என்ன? வெள்ளமும் நம்ம குளங்களும்



கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் கையில் கேள்வித்தாளோடு நம்ம பக்கம் வருவதை இப்போ அடிக்கடி பார்க்கிறோம். பல நாட்டு மாணவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற மாநாடுகள் நிறைய நடக்குது. அதில் கட்டுரை வாசிக்கணும், அதுக்காக ஊர் ஊராகப் போய் விவரம் சேகரிக்கிறாங்க. தலைப்பு என்னன்னு கேட்டா, "தண்ணீரும் நகரங்களின் காலநிலைத் தாங்குதிறனும்" என்கிற மாதிரி ஏதாவது சொல்லுவாங்க. நம்ம அக்காமார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க. "டவுனைப் பத்தி எங்ககிட்ட எதுக்குக் கேக்குதீங்க? தூத்துக்குடியில போய்க் கேளுங்க" என்று ஒரு அக்கா நேராகவே கேட்டுட்டாங்க.

கேள்வி நியாயம்தான். ஆனா தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் போகிற தண்ணி, குடிக்கிற தண்ணியானாலும் சரி, வெள்ளமானாலும் சரி, நம்ம ஆற்றையும் நம்ம குளங்களையும் தாண்டித்தான் போகணும். அதனால அந்தத் தலைப்பு நமக்கும் உரியதுதான். அது என்னன்னு இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் அந்த வார்த்தை. தாங்குதிறன் என்றால் அடியே படாமல் இருப்பது என்று அர்த்தம் இல்லை. ரெண்டு வீட்டில் ஒரே காய்ச்சல் வருது என்று வச்சுக்குவோம். ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பால்மாட்டை விற்கிறாங்க. அப்புறம் பால் காசு இல்லை, பழைய கடன் கட்ட முடியலை, கந்துவட்டிக்குப் போறாங்க. காய்ச்சல் போன பிறகும் கஷ்டம் போகலை. இன்னொரு வீட்டில் குழுவில் சேமிப்பு இருக்கு, உள்கடன் வாங்கிச் சமாளிச்சுட்டாங்க. மாடு தொழுவத்தில் நிக்குது. காய்ச்சல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எழுந்து நிக்கிற சக்திதான் வேற. ஊருக்கும் நகரத்துக்கும் மழை, வெள்ளம், வறட்சி விஷயத்தில் இந்தச் சக்தி எவ்வளவு இருக்கு என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் அளந்து பார்க்கிறாங்க.

நமக்கு அந்தப் பரீட்சை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்துச்சு. குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சியால் பெய்த மழை அது. பேர் வச்ச புயல் கூட இல்லை. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் பதிவாச்சு. காயல்பட்டினத்தில் ஒரு வருஷ மழைக்கும் அதிகமாக ஒரே நாளில் கொட்டியிருக்கு.

சென்டிமீட்டர் என்று சொன்னா நமக்கு மனசில் நிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்க. மூணு சென்ட் வீட்டுமனையில் 62 சென்டிமீட்டர் மழை விழுந்தா, அது சுமார் 75,000 லிட்டர். நம்ம 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் மொண்டா 5,000 குடம்! ஒரு ஏக்கர் வயலில் விழுந்தது 25 லட்சம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி 200-க்கு மேல வந்து ஒரே வயலில் கொட்டின மாதிரி. இது வானத்திலிருந்து நேரா விழுந்தது மட்டும். மேலேயிருந்து ஆற்றில் வந்தது தனி.

"அணையில் தேக்கி வச்சிருக்கலாமே" என்று பல கூட்டங்களில் கேட்டாங்க. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் ரெண்டும் மலையடிவாரத்தில் இருக்கு. மலையில் பெய்கிற மழையைத்தான் அவை பிடிக்க முடியும். சிற்றாறு சீவலப்பேரி பக்கம் வந்து சேருது, அது இந்த அணைகளுக்குக் கீழே. 2023-ல் அணைக்குக் கீழே உள்ள சமவெளி பூராவும் கொட்டித் தீர்த்துச்சு. அந்தத் தண்ணியைப் பிடிக்க அணை கிடையாது, குளங்கள்தான் உண்டு. மலைத்தண்ணியும் சமவெளித் தண்ணியும் சேர்ந்து வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல ஆற்றில் வந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவங்க நம்ம ஊர்களில் இருக்காங்க. ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்க. தண்ணி எந்தப் பக்கம் முதலில் ஏறுச்சு என்பது அவங்களுக்குத்தான் தெரியும்.

இப்படி மழை ஏன் கொட்டுது? காற்று சூடாக ஆக, அது அதிக ஈரத்தைச் சுமக்கும். ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்காங்க. 150 வருஷத்துக்கு முந்தி இருந்ததை விட உலகம் ஒரு டிகிரிக்கு மேல சூடாயிருக்கு. கடலும் சூடாகுது. அதனால பெய்யாத நாள் நீளுது, பெய்யும்போது மொத்தமா கொட்டுது. எந்த மழையை எடுத்தாலும் "இது முழுக்கக் காலநிலை மாற்றத்தால் வந்தது" என்று அடிச்சுச் சொல்லிட முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நமக்குப் புதுசும் இல்லை. ஆனா இந்த மாதிரி கொட்டல் இனிமேல் அடிக்கடி வரும் என்று எதிர்பார்த்துத்தான் ஏற்பாடு செய்யணும்.

நம்ம முன்னோர் ஒரு ஏற்பாடு செய்து வச்சிருக்காங்க. தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். முதல் ஏழும் பழைய காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரர் ஆட்சியில் 1870-களில் கட்டினது. மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். இந்த நாலு கால்களை நம்பி நம்ம மாவட்டத்தில் 40,000 ஏக்கருக்கும் மேல பாசனம், ஐம்பதுக்கும் மேல குளங்கள். தென்கால் தண்ணி ஆழ்வார்திருநகரி வழியா கடம்பாகுளத்துக்குப் போகுது. அங்கிருந்து குளத்துக்குக் குளம் மறுகால் பாய்ந்து திருச்செந்தூர் ஆவுடையார்குளம் வரைக்கும் தொடர் போகுது.

இதை வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணி பாய்ச்சுகிற ஏற்பாடு என்று மட்டும் நாம நினைக்கிறோம். வெள்ளக் காலத்தில் அதுக்கு வேற வேலையும் உண்டு. ஒவ்வொரு குளமும் தன் பங்குத் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு, மீதியை மறுகால் வழியா நிதானமா விடும். கீழே இருக்கிற ஊருக்குத் தண்ணி ஒரேயடியாப் போகாது. ஆனா குளத்தில் பாதி உயரம் மண் மேடாகி, மிச்ச இடத்தில் அமலைச்செடி அடைச்சு, மறுகால் ஓடை சீமைக்கருவேலமும் ஆக்கிரமிப்புமாக இருந்தா? குளம் சீக்கிரம் நிரம்பிரும். தண்ணி கரையை உடைச்சுக்கிட்டுப் போகும். ஒரு கரை உடைஞ்சா அந்தத் தண்ணி அடுத்த குளத்தில் போய் மோதும். 2023-ல் பல குளங்களில் இதுதான் நடந்தது. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு தூத்துக்குடி நகரத்துக்குள் தண்ணி புகுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். குளக்கரை உடைஞ்சது கிராமத்தில், கட்டிலில் ஏறி உட்கார்ந்தது நகரத்துச் சனம். "நகரத்தின் தாங்குதிறன்" நம்ம ஊர்க் குளத்தில் இருக்கு என்று முதலில் சொன்னது இதனாலதான்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலேயே மண் மேடிட்டுக் கிடந்து, 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் தூர் வாரும் வேலை தொடங்கினது. இதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகணுமா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கு.

வெளிநாட்டுக்காரங்க என்ன செய்யுறாங்க? நெதர்லாந்து என்று ஒரு தாழ்வான நாடு. 1993, 1995 வெள்ளங்களில் ஆறுகள் கரை தட்டி, 1995-ல் மட்டும் சுமார் 2.5 லட்சம் பேரை ஊரைக் காலி பண்ண வச்சாங்க. அதுவரைக்கும் கரையை உயர்த்துறதுதான் அவங்க வழக்கம். அப்புறம் யோசனையை மாத்தி, கரையைப் பின்னாலே தள்ளி வச்சு, ஆறு விரிஞ்சு ஓட இடம் விட்டாங்க. "ஆற்றுக்கு இடம்" என்றே அந்தத் திட்டத்துக்குப் பேர். சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, 2018-ல் அதே நெதர்லாந்து உதவியோடு நிபுணர்கள் சேர்ந்து திட்டம் தீட்டினாங்க. அதுக்கு "ஆயிரம் குளங்களின் நகரம்" என்று பேர் வச்சாங்க. சென்னை இழந்த குளத்தைத் திரும்ப உண்டாக்கப் பாடுபடுது. நம்மகிட்ட குளம் இன்னும் இருக்கு. கரையை மட்டும் உயர்த்திக் கட்டினா போதும் என்று சொல்லுறவங்க நம்ம பக்கம் இப்பவும் உண்டு. எனக்கு அது சரியாகப் படலை. தண்ணிக்கு இடம் இல்லாம கரை மட்டும் உயர்ந்தா, உடையும்போது இன்னும் வேகமாக உடையும்.

இனி வீட்டுக்கும் குழுவுக்கும் வருவோம். 2023-ல் ரோடு அறுந்துச்சு, கரண்ட் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யலை. ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டாங்க. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. முதலில் அவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள். எந்தப் பேரிடரிலும் முதல் ரெண்டு நாள் அக்கம்பக்கம்தான் உதவி. அதனால உங்க தெருவில் தனியா இருக்கிற வயசானவங்க யார், நிறைமாசக் கர்ப்பிணி யார், நடக்க முடியாதவங்க யார், மேடான மச்சு வீடு எது என்று குழு ஒரு பட்டியல் வச்சுக்கணும். அங்கன்வாடிப் பணியாளர் கையில் பாதி விவரம் ஏற்கெனவே இருக்கும், கேட்டு வாங்குங்க.

தீர்மானப் புத்தகமும் ரொக்க ஏடும் வெள்ளத்தில் கரைஞ்சு போனா, யார் எவ்வளவு கட்டியிருக்காங்க என்பதில் நம்பிக்கைச் சண்டை வரும். கூலி வேலை நின்ற நேரத்தில் குழுவும் உடைஞ்சா அதைவிட நஷ்டம் இல்லை. மாசக் கடைசியில் ஏட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற ஒரு உறுப்பினர் மகள் போனுக்கோ கூட்டமைப்புக்கோ அனுப்பி வையுங்க. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக், பட்டா இவற்றுக்கும் அதேதான். அசல் எல்லாத்தையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, பரணில் ஒரே இடத்தில் வையுங்க.

நிவாரணம் விஷயத்தில் ஒன்று. 2023 டிசம்பரில் கடுமையாகப் பாதிச்ச வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தாங்க. செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று அரசு அறிவிச்சது. ஆனா செத்த ஆட்டை நாற்றம் தாங்காம உடனே புதைச்சிட்டா அப்புறம் எதைக் காட்டுறது? படம் எடுத்து, கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்லிட்டுப் புதைக்கணும். பயிர் நஷ்டத்துக்கு அடங்கலில் யார் பேர் இருக்கோ அதைத்தான் பார்ப்பாங்க. நம்ம பெண்கள் பலர் வாய்வார்த்தையாகக் குத்தகைக்குப் பிடிச்சு வாழை போடுறாங்க. வாழை சாய்ஞ்சது இவங்களுக்கு, பணம் நிலத்துக்காரருக்கு என்று ஆகிடும். குத்தகையை ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்க, பயிர் போட்டவுடனே அடங்கலில் பதிவு பண்ணக் கேளுங்க.

வங்கிக் கடனைப் பற்றி: இயற்கைப் பேரிடர் அறிவிச்ச பகுதியில் பாதிக்கப்பட்டவங்க கடன் தவணையை மாற்றி அமைக்க ரிசர்வ் வங்கி வழி வச்சிருக்கு. அது தள்ளுபடி இல்லை, அவகாசம். தானாக நடக்காது. குழு தீர்மானம் போட்டு எழுத்தில் மனுக் கொடுக்கணும். தனியார் நுண்கடன் கம்பெனி ஆள் வாசலில் நின்றாலும் பயப்படாம, கூட்டமைப்புக்குச் சொல்லுங்க.

கிராமசபை இப்போ வருஷத்துக்கு ஆறு முறை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நவம்பர் 1 கூட்டம் அடைமழைக்கு நடுவில் வரும், அதில் வேலை கேட்டுப் பயன் இல்லை. தூர் வாருதல், கரை பலப்படுத்துதல் எல்லாம் மார்ச், மே கூட்டங்களிலேயே கேட்டு எழுத வைக்கணும், கோடையில்தான் குளம் வற்றும். ஆழ்வார்திருநகரி மாதிரி பேரூராட்சியில் இருக்கிறவங்களுக்குக் கிராமசபை இல்லை. வார்டு உறுப்பினரிடம் ஏரியா சபை எப்போ என்று கேளுங்க.

போறதுக்கு முன்னாடி நாலு பேர் சேர்ந்து உங்க குளக்கரையில் ஒரு முறை நடந்து பாருங்க. கரை எங்கே மெலிஞ்சிருக்கு, நண்டு வளை எங்கே, மறுகால் எங்கே அடைச்சிருக்கு என்று குறிச்சுக்குங்க. மடை ஷட்டர் திருகுகிற சாவி யார்கிட்ட இருக்கு? ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி ஏறினா, லஸ்கர் போன் நம்பர் உங்க தெருவில் யாருக்குத் தெரியும்? மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. ரெண்டையும் லஸ்கர் நம்பரோடு சேர்த்து, குழு கூடுகிற இடத்துச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்க.